ஆன்டிபயாடிக் போடலாமா, எப்போது நிறுத்தலாம்? ஒரு பச்சிளங்குழந்தையின் முதல் 51 மணி நேரம்

விடியற்காலை 4.10க்குப் பிறந்த ஆண் குழந்தை. 39 வாரம் 2 நாள், எடை 3,120 கிராம், சுகப்பிரசவம். பிறந்ததும் நன்றாக அழுதான். பிறந்த குழந்தையின் நிலையை 10க்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் 1ஆம் நிமிடத்தில் 8, 5ஆம் நிமிடத்தில் 9. இவ்வளவோடு நின்றிருந்தால் இவனைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. சிக்கல் இருந்தது அம்மாவின் கேஸ் ஷீட்டில். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.)

முதல் பிரசவம். பனிக்குடம் உடைந்து 20 மணி நேரம் ஆகியிருந்தது. வலி தாங்காமல் எபிடியூரல் (முதுகில் போடும் வலி நீக்கும் ஊசி) கொடுத்து 9 மணி நேரம். நள்ளிரவில் 37.9 டிகிரி செல்சியஸாக இருந்த காய்ச்சல் 3 மணிக்கு 38.6 ஆனது. பிரசவம் பார்த்த மருத்துவர் 3.20க்கு அம்மாவுக்கு ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளைப் போட்டார். குழந்தை பிறக்க அப்போது 50 நிமிடம்தான் பாக்கி. பிரசவத்தில் அம்மாவிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கிறதா என்று கர்ப்ப காலத்தில் பரிசோதிக்கவில்லை.

40ஆம் நிமிடத்தில் லேபர் வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். மூச்சு நிமிடத்துக்கு 74. ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் மெல்லிய முனகல். ஆக்சிஜன் அளவு வெறும் காற்றிலேயே 95 சதவீதம். நிறம் நன்றாக இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஜூனியர் டாக்டர் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சீட்டை எழுதி, என் கையெழுத்துக்காக வைத்திருந்தார்.

“அம்மாவுக்கு கோரியோ மேடம். முனகல் வேற இருக்கு. ஆரம்பிச்சிடலாமே?”

கோரியோ என்றால் கோரியோஅம்னியோனைடிஸ், பனிக்குடத்தில் ஏற்படும் தொற்று. அவர் சொன்னதில் தவறில்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதே இடத்தில் யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

பழைய விதியும் புதிய கணக்கும்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கோரியோஅம்னியோனைடிஸ் என்று அம்மாவைச் சந்தேகித்தாலே போதும், குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கச் சொன்னது. அந்த விதிக்குப் பின்னால் நியாயமான பயம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 1.8 பேருக்கு முதல் வாரத்திலேயே குரூப் பி ஸ்ட்ரெப் தொற்று வந்துகொண்டிருந்தது. பிரசவத்தின்போதே அம்மாவுக்குப் பென்சிலின் கொடுக்கும் வழக்கம் பரவியபின் 2015ல் அது 0.23 ஆகக் குறைந்தது. நோய் இத்தனை மடங்கு அரிதானபின்பும் குழந்தைக்கு ஊசி போடும் பழக்கம் மட்டும் குறையாமல் நின்றுவிட்டது.

அதை அசைத்தது ஒரு கால்குலேட்டர். வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் பிறந்த லட்சக்கணக்கான குழந்தைகளின் தரவிலிருந்து உருவானது. கர்ப்ப வாரம், பிரசவத்தின்போது அம்மாவுக்கு ஏறிய உச்ச வெப்பநிலை, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், குரூப் பி ஸ்ட்ரெப் நிலை, அம்மாவுக்கு எந்த ஆன்டிபயாடிக் எத்தனை மணி முன்னால் போட்டது ஆகியவற்றைக் கொடுத்தால், ஆயிரத்துக்கு இத்தனை என்று பிறந்த கணத்து ரத்தத் தொற்று அபாயத்தைச் சொல்லும். பிறகு குழந்தையைப் பார்த்து நாம் சொல்வது அந்த எண்ணைப் பெருக்கும். நான் பயன்படுத்திய பதிப்பில், தெளிவாக இருந்தால் 0.41ஆல், இரண்டுங்கெட்டானாக இருந்தால் 5ஆல், நோயுற்றிருந்தால் 21.2ஆல். கிடைப்பது ஆயிரத்துக்கு 1ஐ எட்டினால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), 3ஐ எட்டினால் ஆன்டிபயாடிக். 2017ல் அவர்கள் வெளியிட்ட 2,04,485 குழந்தைகளின் கணக்கில், முதல் 24 மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 5 சதவீதத்திலிருந்து 2.6 ஆகவும், கல்ச்சர் எடுக்கப்பட்டவர்கள் 14.5லிருந்து 4.9 ஆகவும் குறைந்தார்கள். தொற்றோடு திரும்பி வந்து சேர்ந்த குழந்தைகள் கூடவில்லை.

நம் குழந்தைக்கு வருவோம். பிறக்கும் குழந்தைகளில் பொதுவாகத் தொற்று வரும் அடிப்படை விகிதமாக ஆயிரத்துக்கு 0.5ஐ வைத்தேன், எங்கள் சொந்தக் கணக்கும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் போட்ட ஊசி பிரசவத்துக்கு 2 மணி நேரத்துக்குள் விழுந்ததால் கணக்கில் அது போடாதது மாதிரிதான். வந்த எண் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2.3. தெளிவான குழந்தை என்றால் 0.95, கல்ச்சர்கூடத் தேவையில்லை. இரண்டுங்கெட்டான் என்றால் 11க்கு மேல், ஊசியை எடுக்க வேண்டியதுதான். ஆக இவனை எந்தப் பெட்டியில் போடுகிறேன் என்பதில்தான் எல்லாம் இருந்தது. இயந்திரம் கணக்குப் போட்டுத் தரும். பெட்டியை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

40ஆம் நிமிடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டுங்கெட்டான் என்று சொல்ல இரண்டு குறைகள் 2 மணி நேரமாவது நீடிக்க வேண்டும், அல்லது ஒரே குறை 4 மணி நேரம். வயிற்றுக்குள் இருந்தவரை நுரையீரல் முழுக்க நீர். வெளியே வந்த முதல் சில மணி நேரத்தில் அந்த நீர் உறிஞ்சப்படும்வரை குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவார்கள். காற்றுப் பைகள் மூடிக்கொள்ளாதிருக்கக் குரல்வளையைப் பாதி அடைத்து மூச்சு விடும்போது எழும் சத்தம்தான் முனகல். தொற்றிலும் இதே சத்தம்தான் வரும், காதுக்கு வேறுபாடு தெரியாது. வேறுபடுத்திக் காட்டுவது கடிகாரம்.

“சீட்டைக் கிழிக்க வேண்டாம். மடிச்சு பாக்கெட்ல வையுங்க. 6 மணிக்கு மறுபடி பார்ப்போம்.” ஜூனியருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோலாக வைத்து, காலில் ஆக்சிமீட்டர் கட்டி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டர் எண்ணினார். எண்ணினார் என்றால் திரையைப் பார்த்து அல்ல. போர்வையை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம். பச்சிளங்குழந்தை 10 நொடி வேகமாக மூச்சு விட்டு 5 நொடி நிறுத்தும், 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்கினால் எந்த விடையும் வரும். 5.30க்கு முனகல் நின்றது. 6.10க்கு 64. 7.15க்கு 56. தெளிவான குழந்தை: 0.95.

“போட்டா என்ன நஷ்டம்?”

7.30க்கு அப்பா கேட்ட கேள்வி. “சின்ன சந்தேகம்னாலும் ஊசி போட்டுடலாமே டாக்டர். போட்டா என்ன நஷ்டம்? போடாம ஏதாவது ஆயிட்டா?”

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியை நான் ஒதுக்கித் தள்ள முடியாது. பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை. 6ஆம் மணியில் பார்த்தேன், பால் குடித்தாள், சிவப்பாக இருந்தாள், “நார்மல்” என்று எழுதினேன். 18ஆம் மணியில் சாம்பல் நிறத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். குரூப் பி ஸ்ட்ரெப். பிழைத்துவிட்டாள் என்றாலும் அந்த “நார்மல்” என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் இன்றும் என் கை ஒரு கணம் நிற்கிறது. இடைப்பட்ட 12 மணி நேரம் அவளை யாரும் போர்வை விலக்கிப் பார்க்கவில்லை. அதுதான் அந்த நிகழ்வில் நடந்த தவறு என்று பிற்பாடுதான் புரிந்தது. ஊசி போடாததைத் தவறென்று நினைத்துப் பல ஆண்டுகள் எல்லோருக்கும் போட்டுத் தீர்த்தேன்.

கேள்வியின் முதல் பாதிக்கு இப்போது எண்களே இருக்கின்றன. 2022ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, 11 நாடுகளில் நிறைமாதத்திலும் அதை ஒட்டியும் பிறந்த 7,57,979 குழந்தைகளைப் பார்த்தது. முதல் வாரத்தில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 2.86 சதவீதம். கல்ச்சரில் உறுதியான தொற்று ஆயிரத்துக்கு 0.49. இறந்தவர்கள் 12 பேர். உண்மையான தொற்றுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 58 குழந்தைகளுக்கு ஊசி தொடங்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் அதில் தெரிந்தது. குறைவாகப் போட்ட இடத்தில் 1.18 சதவீதம், அதிகமாகப் போட்ட இடத்தில் 12.45. அந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைக் கிருமியின் தலையில் கட்ட முடியாது. அது மருத்துவர்களின் வழக்கம்.

நஷ்டம் என்னவென்றால், முதலில் அம்மாவும் பிள்ளையும் பிரிகிறார்கள். கையில் ஊசிக் குழாய், அதைக் காக்க அட்டை, வேறு வார்டு, தாய்ப்பால் ஊறத் தொடங்கும் நேரத்தில் இடைவெளி. ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் காதையும் தொடக்கூடிய மருந்து. ஏறத்தாழ 500ல் ஒருவருக்கு இருக்கும் ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணு மாற்றம் உள்ள குழந்தைக்கு, சரியான அளவில் போட்டாலும் கேட்கும் திறன் போகலாம். பிறகு குடல். 2022ல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில் முதல் வாரத்து ஆன்டிபயாடிக் பிஃபிடோபாக்டீரியாக்களைக் குறைத்து, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்றவற்றைக் கூட்டியிருந்தது. ஒரு வயதிலும் அதன் தடம் தெரிந்தது.

அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “இப்ப போட்டா 95 பங்கு தேவையில்லாத மருந்து. அதுக்குப் பதிலா நாங்க வந்து வந்து பார்ப்போம். கொஞ்சம் மாறினாலும் அரை மணியில போடுவோம்” என்றேன். அந்த 95 சதவீதம் வாய்க்கு வந்த எண். உண்மையில் 99.9. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார் என்று தோன்றியது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பார்ப்பது என்பதே ஒரு சிகிச்சை முறைதான். இத்தாலியின் மொடெனா, நார்வேயின் ஸ்டவாங்கர் போன்ற இடங்களில் கால்குலேட்டர்கூட இல்லாமல், குறித்த நேரங்களில் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பதையே முறையாக்கி ஆன்டிபயாடிக்கைப் பாதுகாப்பாகக் குறைத்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018ல் அதையும் ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் இந்த முறை நர்சுகளின் தோளில் நிற்கிறது. இரவில் 30 குழந்தைகளுக்கு ஒரே ஒரு சிஸ்டர் என்றால் இதைத் தொடங்கவே கூடாது.

11ஆம் மணி

பிற்பகல் 3 மணிக்கு அந்த மாற்றம் வந்தது. 2 மணிப் பாலை அவன் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் இரண்டு சப்புச் சப்பிவிட்டுத் தூங்கினான். வெப்பநிலை 36.1. மூச்சு 66, விலாவுக்குக் கீழே லேசான உள்வாங்கல். சர்க்கரை 38 மில்லிகிராம்.

இந்த இடத்தில் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த நான்கையும் கொண்டு இரண்டு கதைகள் எழுதலாம். காலையில் உறவினர் கைமாறிக் கைமாறிப் போர்வை நழுவிக் குளிர்ந்தான், குளிரால் சர்க்கரை கரைந்தது, சர்க்கரை குறைந்ததால் தூங்கினான், தூங்கியதால் குடிக்கவில்லை என்பது ஒரு கதை. கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது, அதனால்தான் இந்த நான்கும் என்பது இன்னொன்று. முதல் கதை எனக்குப் பிடித்திருந்தது, காலையில் எடுத்த முடிவை அது காப்பாற்றும். அதனாலேயே அதை நம்பக் கூடாது என்று தோன்றியது.

தோலோடு தோலாக மறுபடி வைத்தோம், கன்னத்துக்குள் டெக்ஸ்ட்ரோஸ் ஜெல் தடவினோம், பீய்ச்சிய சீம்பாலைக் கிண்ணத்தில் கொடுத்தோம். ஒரு மணியில் சர்க்கரை 54, வெப்பநிலை 36.8. மூச்சு மட்டும் இறங்கவில்லை. 4 மணிக்கு 68, 5 மணிக்கு 70, உள்வாங்கல் அப்படியே. 5.10க்கு 2 மணி நேரம் கடந்துவிட்டது. இப்போது அவன் இரண்டுங்கெட்டான். 2.3ஐ 5ஆல் பெருக்கினால் 11.5.

ஜூனியர் காலையில் மடித்து வைத்த சீட்டை எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

ஒரு மில்லி ரத்தம்

முதல் முறை கையில் குத்தியபோது வந்தது 0.4 மில்லி. ரத்தம் உறையத் தொடங்க, போதும் என்று பாட்டிலில் விடப் போனார் ஜூனியர்.

“ஒரு மில்லி இல்லாம அனுப்பாதீங்க சார். நாளன்னைக்கு இதே பாட்டிலைப் பார்த்துத்தான் நீங்க சண்டை போடுவீங்க” என்றார் சிஸ்டர்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். ரத்தத்தில் மில்லிக்கு 4 கிருமிகள் மட்டும் இருக்கின்றன என்று வையுங்கள். அரை மில்லி எடுத்தால் அதில் ஒன்றுகூட வராமல் போக 14 சதவீத வாய்ப்பு. ஒரு மில்லி எடுத்தால் 2 சதவீதம். மில்லிக்கு ஒரே ஒரு கிருமி என்றால் அரை மில்லியில் 61 சதவீதம் வெறும் பாட்டில்தான். கல்ச்சரை நம்ப முடியாது என்று சொல்கிறவர்கள் பலர் 0.4 மில்லியை அனுப்பிவிட்டுச் சொல்கிறார்கள். மறுகையில் குத்தி 1.1 மில்லி எடுத்தோம். குழந்தை வீறிட்டு அழுதான். அந்த அழுகையின் பலம் அன்றைக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் ஒன்று.

மாலை 5.40க்கு முதல் டோஸ்: 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆம்பிசிலின், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஜென்டாமைசின். முடிவெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல். நாங்கள் அரை மணியில் முடித்தோம். கூடவே எடுத்த சி.ஆர்.பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 6 வந்தது. அதைப் பார்த்து யாரும் நிம்மதி அடையக் கூடாது. தொற்று தொடங்கி 6 முதல் 12 மணி நேரமாவது ஆனால்தான் அது ஏறத் தொடங்கும்.

இரவு 11 மணிக்கு மூச்சு 54. பால் இழுத்துக் குடித்தான். காலை ரவுண்ட்ஸில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். “ஆன்டிபயாடிக் நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார் ஒருவர். 5 மணி நேரத்தில்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் நினைவுக்கு வந்தது. குளிர் நீங்கி, சர்க்கரை ஏறி, நுரையீரல் காய்ந்ததற்கும் அதே நேரம்தான் ஆகும். ஆனால் அந்தச் சொல் வார்டில் விழுந்துவிட்டால் அடுத்த 5 நாளுக்கு மருந்தை நிறுத்த முடியாது. வேலை செய்கிற மருந்தை யார் நிறுத்துவார்கள்?

நிறுத்துவது

தொடங்குவதற்கு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம். நிறுத்துவதற்கு ஒன்றரை நாள் வாதம். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

24 மணி கழித்து எடுத்த சி.ஆர்.பி 31. குழந்தை நன்றாக இருக்கிறான், கல்ச்சரில் இதுவரை ஒன்றும் வளரவில்லை, ஆனால் காகிதத்தில் 31. மூத்த சக மருத்துவர் ஒருவர் தெளிவாகச் சொன்னார்: “கல்ச்சர் நெகட்டிவ் செப்சிஸ். 7 நாள் போடுங்க. முதுகுத் தண்டு நீரும் எடுத்துடுங்க.” அதாவது, கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டாலும் ரத்தத் தொற்று என்றே கொள்வது. அவர் என்னைவிட 15 ஆண்டு அனுபவம் அதிகம் உள்ளவர். அவர் சொல்வதற்கு நைஸ் வழிகாட்டுதலிலும் இடம் உண்டு. சி.ஆர்.பி 10ஐத் தொட்டால் முதுகு நீர் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது அது.

என் தரப்பு இது. சி.ஆர்.பி என்பது கல்லீரல் அடிக்கும் மணி. யார் கதவைத் தட்டினார்கள் என்று அது சொல்லாது. நீண்ட பிரசவம், அம்மாவின் காய்ச்சல், பிறப்பின் அழுத்தம் ஆகியவையே முதல் 2 நாளில் அதை ஏற்றிவிடும். அது திரும்பத் திரும்ப இயல்பாக இருந்தால் தொற்று இல்லை என்று நம்பலாம், அதற்கு உதவும். ஏறியிருந்தால் தொற்று என்று சொல்ல உதவாது. ஒரு மில்லி ரத்தம் எடுத்த, அம்மாவின் ஒரே ஒரு டோஸ் தவிர வேறு ஆன்டிபயாடிக் தொடாத கல்ச்சரை, இந்த எண்ணுக்காகத் தூக்கிப் போடுவதா?

அந்த ஒரே டோஸ்தான் அவருடைய வலுவான வாதம் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் போட்டது குழந்தைக்குப் போய்க் கல்ச்சரை அமுக்கியிருக்கலாமே? இருக்கலாம். ஆனால் உண்மையான ரத்தத் தொற்றை முழுதாக மறைக்கும் அளவுக்கு அமுக்கி, அதே நேரம் 13 மணி கழித்துக் குழந்தையை நோயாளி ஆக்கும் அளவுக்கு விட்டுவைத்தது என்று நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது.

நாங்கள் ஒப்புக்கொண்டது நேரத்தை. பச்சிளங்குழந்தைகளின் முதல் நாள் தொற்றில் வளரக்கூடிய கிருமிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 24 மணிக்குள்ளும், 90 சதவீதத்துக்கு மேல் 36 மணிக்குள்ளும் தானியங்கி இயந்திரத்தில் மணி அடித்துவிடும். 36 மணி என்பது எங்கள் பாட்டிலுக்கு மூன்றாம் நாள் காலை 5.40. அதுவரை மருந்து போகட்டும். 6 மணிக்கு மூன்றாவது சி.ஆர்.பி எடுப்போம். அது இறங்கியிருந்து, பாட்டில் அமைதியாக இருந்து, குழந்தை குழந்தையாக இருந்தால் நிறுத்துவோம். மூன்றில் ஒன்று தவறினாலும் முதுகு நீர் எடுத்து 7 நாள்.

அன்று இரவு பரிசோதனைக் கூடத்துக்கு நானே இரண்டு முறை போன் செய்தேன். மறுமுனையில் இருந்தவர் இரண்டாவது முறை சிரித்துவிட்டார்: “வளர்ந்தா நாங்களே கூப்பிடுவோம் மேடம், தூங்குங்க.”

காலையில் சி.ஆர்.பி 17. பாட்டில் அமைதி. குழந்தை பசிக்கு அழுதுகொண்டிருந்தான், சிஸ்டரின் விரலைப் பிடித்தால் விடவில்லை. 7.40க்குச் சீட்டில் குறுக்குக் கோடு போட்டேன். பிறந்து ஏறத்தாழ 51 மணி நேரம். 9.40க்குப் போக வேண்டிய ஆம்பிசிலின் போகவில்லை. மொத்தம் 5 டோஸ் ஆம்பிசிலின், 2 டோஸ் ஜென்டாமைசின். மூத்தவர் கையெழுத்துப் போடவில்லை, எதிர்க்கவும் இல்லை. அன்று மாலை ரவுண்ட்ஸ் இல்லாத நேரத்தில் தனியாக வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார் என்று சிஸ்டர் பிறகு சொன்னார்.

எல்லாக் குழந்தைக்கும் இல்லை

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் இப்படியே செல்லாது. கால்குலேட்டர் 34 வாரத்துக்கு முன் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கானது இல்லை. 1,000 கிராமுக்குக் கீழே உள்ளவர்களின் உலகமே வேறு. அங்கும் நீட்டிப்பதற்கு விலை உண்டு என்பதை 2009ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது: கல்ச்சர் சுத்தமாக இருந்தும் முதல் ஆன்டிபயாடிக்கை 5 நாளோ அதற்கு மேலோ நீட்டித்த குழந்தைகளிடம் குடல் அழுகலும் மரணமும் அதிகம் காணப்பட்டன.

அடிப்படை விகிதமும் முக்கியம். டெல்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த பச்சிளங்குழந்தைகளில் 6.2 சதவீதத்தினருக்குக் கல்ச்சரில் தொற்று உறுதியானது. முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. குரூப் பி ஸ்ட்ரெப்புக்கும் ஈ.கோலைக்கும் தைத்த சட்டை அந்தக் கிருமிகளுக்குப் பொருந்தாது. நான் வைத்த 0.5க்குப் பதில் அடிப்படை 2 என்று வைத்தால், தெளிவாக இருந்த இதே குழந்தையின் 0.95 கிட்டத்தட்ட 4 ஆகிவிடும், காலை 7.15க்கே ஊசி போட்டிருக்க வேண்டும். தன் மருத்துவமனையின் எண்ணைத் தெரியாமல் கால்குலேட்டரைத் திறப்பவர், அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பவர்.

பின்னோக்கிப் பார்த்தால் நான் மாற்றிக்கொள்ள வேண்டியது இரண்டு. காலை 7.15க்கும் 2 மணிக்கும் இடையே 4 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்த்தோம். விதிப்படி சரி. ஆனால் 0.95 என்பது எல்லையில் ஒரு மயிரிழை, அவனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் குளிர்ந்ததை நண்பகலிலேயே பிடித்திருப்போம், ஊசியே தேவைப்பட்டிருக்காமலும் போயிருக்கலாம். இரண்டாவது, 24ஆம் மணியில் அந்த சி.ஆர்.பியை ஏன் எடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் எடுத்தது. குழந்தை தெளிவாக இருந்தபோது எடுத்த அந்த எண்தான் ஒரு இரவு முழுக்க எங்களை ஆட்டிவைத்தது. இப்போது எங்கள் ஆன்டிபயாடிக் சீட்டில் முதல் டோஸுக்குப் பக்கத்திலேயே “மறுபார்வை” என்று ஒரு கட்டம் இருக்கிறது. 36ஆம் மணி எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று ஊசி போடும்போதே எழுத வேண்டும். ஜூனியர்தான் அந்தக் கட்டத்தை வரைந்தார்.

மருந்து நிறுத்தியபின் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்து, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஜென்டாமைசின் போட்டதால் போகும் முன் காது பரிசோதனை செய்ததில் இரண்டு காதும் தேறின. 5ஆம் நாள் கல்ச்சரின் இறுதி அறிக்கை வந்தது: வளர்ச்சி இல்லை. இரண்டு வாரத்தில் எடை 3,380. போர்வையைப் பிரித்துக் கட்டியபோது, ஊசிக் குழாயைக் காக்க வைத்த அட்டை இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. தொட்டதும் கையை உதறினான்.

“அப்ப அவனுக்கு அன்னைக்கு என்னதான் டாக்டர் இருந்துச்சு? குளிரா, கிருமியா?” என்று அம்மா கேட்டார்.

“தெரியலைம்மா” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, போர்வையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.